பாம்பு கோயில் பாம்புக்கு விஷம் இருக்கு லா
மேல ஒரு அண்ணன் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல இருக்கிற பாம்பு கோயில் பாம்புக்கு விஷமே இல்ல, ஊதுபத்தி புகைல மயங்கி கெடக்கும், வீட்டுப் பக்கம் வந்தா கையாலயே தூக்கி போடலாம்னு எழுதிருக்காரு, தயவுசெஞ்சு நம்பாதீங்க. அது வாக்லர் குழிவிரியன், நல்லாவே விஷம் உள்ள பாம்பு. புகையே இல்லாத காட்லயும் அது பகல்ல கிளைல அசையாமதான் கெடக்கும், ராத்திரிதான் இரை புடிக்கும், அதப் பாத்துட்டு சாதுன்னு நெனச்சுக்கிறாங்க. லோங்காங்ல (சாக்கடைக் கால்வாய்ல) வர்ற மலைப்பாம்புக்குத்தான் விஷம் இல்ல (அதுக்காக அதையும் தொடாதீங்க, சுத்துனா அவ்ளோதான்). கருநாகம் வேற இங்க இருக்கு, கண்ணப் பாத்து விஷத்த பீச்சும். பாம்ப பாத்தா தள்ளி நின்னு 999 அடிங்க, பொம்பா (தீயணைப்புப் படை) வந்து புடிப்பாங்க. கடிச்சிருச்சுன்னா கயித்த இறுக்கி கட்டாதீங்க, கீறாதீங்க, கடிபட்ட கைய கால ஆட்டாம நேரா ஆஸ்பத்திரி.