பொடக்காணிக்குக் கூரை கிடையாது

போன பொங்கல் லீவில் காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் டிரோனை ஏற்றினேன். மேலிருந்து பார்த்தால் மாடு மேயும் கொரங்காடு கட்டம் கட்டமாக, ஓரமெல்லாம் கிளுவை முள்வேலி, அவ்வளவு அழகு. அந்த அழகிலேயே பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடு வரைக்கும் போய்விட்டேன். திரையில் தென்னந்தடுக்கு கட்டிய பொடக்காணி, அதாவது குளிக்கிற மறைப்பு. உள்ளே குளித்துக்கொண்டிருந்த ஆத்தா சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்து, சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இறக்கி, பதிவை அழித்து, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் நடந்தே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "ஏஞ்சாமி, ஆள் வந்தா நாய் கொலைக்கும், ஒதுங்கிக்கலாம். மேல இருந்து பாத்தா நான் எங்க போறது?" என்றார்.

நம் வேலியும் தடுக்கும் தரையில் நடக்கிறவன் கண்ணுக்காகக் கட்டியவை. வானத்துப் பக்கம் யாரும் எதையும் மறைத்து வைக்கவில்லை.

2021 டிரோன் விதிகளின்படி 2 கிலோ வரையிலான டிரோனைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட லைசென்ஸ் வேண்டாம். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். சூலூரில் விமானப்படைத் தளம், பீளமேட்டில் விமான நிலையம் என்று இருப்பதால் கோவைக்காரர்கள் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றவே கூடாது. சரி, ஆனால் அந்த 400 அடிக் கணக்கு விமானங்களுக்காகப் போட்டது. 400 அடியில் ஆள் புள்ளி மாதிரித்தான். 50 அடிக்கு இறங்கினால் முகமே தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண் குளிப்பதை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம்.

டிரோன் வைத்திருக்கும் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். பேட்டரி இறங்கினால் அது தானாகத் திரும்பி நேர்கோட்டில் வரும், நடுவில் யார் வாசல் என்று பார்க்காது. அதனால் பாதி பேட்டரியிலேயே நீங்களே திருப்புங்கள். வீடுகளைத் தாண்டும்போது ரெக்கார்டிங்கை நிறுத்தி, கேமராவை அடிவானம் பார்க்கத் தூக்கிவிடுங்கள். மாடு மேயும் காட்டில் தாழப் பறக்காதீர்கள். மிரண்ட மாடு வேலியில் பாய்ந்தால் உடம்பெல்லாம் கிழியும்.

அப்புறம், ஏற்றுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் இப்போது மூன்று சாளைக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். போன வாரம் அந்த ஆத்தா, "இரு கண்ணு, தண்ணி வாத்துக்கிட்டு வந்தர்றேன்" என்றார். அவர் குளித்துவிட்டு வரும்வரை அரை மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.