மேகசினைக் கழற்றினால் மட்டும் பிஸ்டல் காலியாகாது

கூடலூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: வனவிலங்கு பயமுள்ள மலைப்பகுதியில் சின்ன .32 பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டால் பையில் பயமில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுமே தவறு. லைசென்ஸ் விலக்கு கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உண்டு, நீலகிரிக்குக் கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பாருங்கள். ஊட்டி கலெக்டர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

உயிரை வாங்கக்கூடியது இரண்டாவது பொய். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்தான் ஸ்லைடு. பின்னால் இழுத்த ஸ்லைடு முன்னுக்கு வரும்போது, மேகசினின் மேல் தோட்டாவைச் சேம்பருக்குள், அதாவது சுடுவதற்காகத் தோட்டா உட்காரும் குழாயின் பின்பகுதிக்குள் தள்ளிவிடும். அப்புறம் மேகசினை உருவினாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும். மேகசின் இல்லாமல் சுடாத மாடல்கள் சில உண்டு. பல மாடல்கள் சுடும். அதை நம்பவே கூடாது.

லைசென்ஸ் உள்ளவர்கள் பிஸ்டலைக் காலி செய்யும்போது விரலை ட்ரிகருக்கு வெளியே வைத்து, ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடியுங்கள். முதலில் மேகசினை உருவுங்கள், பிறகுதான் ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறிக்கொள்ளும். விழுந்ததைப் பார்த்துக் காலி என்று நினைப்பதுதான் ஆபத்து. ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்திச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள்.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.