‘விஜில்’ தொடரில் எது நம்ப முடியாதது?

ரோந்தில் இருக்கும் பிரிட்டன் நீர்மூழ்கிக் கப்பலில் நேர்ந்த ஒரு மாலுமியின் சாவைக் காவல் அதிகாரி ஒருவர் விசாரிக்கும் கதை, பிபிசியின் ‘விஜில்’ தொடர். அதைப் பற்றிய விவாதம், 2021 ஆகஸ்ட் இறுதியில் அதன் முதல் பகுதி ஒளிபரப்பான நாளில் எங்கே தொடங்கியதோ அங்கேயே இன்னும் நிற்கிறது. டிரைடன்ட் என்ற அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இவ்வளவு அகலமான நடைபாதை இருக்குமா, இரண்டு பேர் தோளோடு தோள் உரசாமல் நடந்து போக முடியுமா என்பதுதான் அந்த விவாதம். ஒரு சாரார் கப்பலின் அளவுகளை எடுத்துவைத்துச் சிரிக்கிறார்கள். மறு சாரார் இது வெறும் நாடகம், ரசித்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். இருவருமே தொடரின் உண்மையான பலவீனத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். (முடிவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிக்கலாம்.)

அளவைப் பற்றிய குற்றச்சாட்டு சரியானதுதான், ஆனால் சிறியது. டிரைடன்டைச் சுமக்கும், பிரிட்டன் கடற்படையின் வான்கார்டு வகைக் கப்பல்கள் ஏறத்தாழ 150 மீட்டர் நீளமும், மூழ்கிய நிலையில் சுமார் 16,000 டன் எடையும் கொண்டவை. 130க்கும் மேற்பட்டோர் அவற்றில் வாழ்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டீசல் நீர்மூழ்கிகளைத் திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கப்பலின் உட்புறம் எப்படியும் விசாலமாகத்தான் தோன்றும். அதையும் தாண்டித் தொடரின் அரங்கம் அகலமாக இருக்கிறது என்றால், அங்கே கேமராவும் நுழைய வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஸ்காட்லாந்துக் காவல்துறையைச் சேர்ந்த ஏமி சில்வா, ரோந்தில் இருக்கும் கப்பலுக்குள் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்படுவதைப் பலர் கேலி செய்கிறார்கள். ரோந்தின் நடுவே அப்படி நடக்க வாய்ப்பே இல்லைதான். ஆனால் அணுசக்தி நீர்மூழ்கிக்குள் நடந்த கொலையைச் சாதாரணக் காவல்துறை விசாரிப்பது அபத்தம் என்று சொல்பவர்கள், 2011 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் நின்ற அஸ்டியூட் நீர்மூழ்கிக்குள் ஒரு மாலுமி, தன் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கை மறந்துவிடுகிறார்கள். அதை விசாரித்தது ஹாம்ப்ஷயர் காவல்துறை. தண்டனை வழங்கியது வின்செஸ்டரில் இருந்த பொது நீதிமன்றம். அதேபோல, மார்ட்டின் காம்ப்ஸ்டன் நடித்த பர்க் என்ற சோனார் (ஒலியைக் கொண்டு கடலை உளவறியும் கருவி) மாலுமியின் சாவு முதலில் போதைமருந்தால் நேர்ந்ததாகக் கருதப்படுவதை மிகை என்று சொல்வதும் எடுபடாது. 2017இல் விஜிலன்ட் என்ற, பெயரிலேயே உறவு கொண்டாடும், அசல் டிரைடன்ட் கப்பலைச் சேர்ந்த ஒன்பது பேர் கோக்கெய்ன் சோதனையில் சிக்கிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ரசிகர்கள் கற்பனை என்று ஒதுக்கும் இடங்களில்தான் இந்தத் தொடர் நடப்புக்கு மிக அருகில் இருக்கிறது.

பாத்திரங்களைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. பேட்டர்சன் ஜோசப் நடித்த கமாண்டர் நியூசமை இரக்கமற்றவர் என்று பார்வையாளர்கள் பலர் வெறுக்கிறார்கள். கப்பலில் ஒருவன் இறந்து கிடக்கும்போது ரோந்தைக் கைவிட மறுப்பவர் என்ன மனிதர் என்று கேட்கிறார்கள். என் கணக்கில் அந்தக் கப்பலில் முழுமையாக நம்பத்தகுந்த ஒரே முடிவு அவருடையதுதான். பிரிட்டன் 1969 முதல் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல், ஏதாவது ஓர் ஏவுகணை நீர்மூழ்கியைக் கடலுக்கடியில் வைத்திருக்கிறது. அந்தச் சங்கிலியை அறுத்த தளபதி என்ற பெயரை வாங்க யாரும் துணியமாட்டார்கள். பிரதமர் பதவியேற்றதும் தம் கையால் எழுதி அனுப்பும் கடிதம், நாடே அழிந்துபோனால் மட்டும் பிரிக்கப்பட வேண்டிய கடிதம், பூட்டிய பெட்டியில் கிடக்கும் ஒரு கப்பலின் தலைவர் அவர். ஒரு பிணத்துக்காக அவர் மேலே வந்திருந்தால்தான் நான் தொடரை நிறுத்தியிருப்பேன்.

ஷான் எவன்ஸ் நடித்த காக்ஸ்வெயின் குளோவரும் சரியாக எழுதப்பட்ட பாத்திரம். பிரிட்டன் நீர்மூழ்கிகளில் காக்ஸ்வெயின் என்பவர் மாலுமிகளின் ஒழுங்குக்குப் பொறுப்பானவர், கப்பலுக்குள்ளேயே இருக்கும் காவல்காரர். வெளியிலிருந்து வந்த காவல் அதிகாரிக்கு அவரைத் துணையாக விட்டது விவரம் தெரிந்த எழுத்து. ஆனால் துணைத் தளபதி பிரென்டிஸிடம் அந்த விவரம் காணாமல் போகிறது. வந்தவரிடம் முதல் நிமிடத்திலிருந்து எரிந்து விழும் மனிதராக அவர் எழுதப்பட்டிருக்கிறார். மாதக்கணக்கில் ஒரே காற்றைச் சுவாசித்து வாழ வேண்டியவர்கள் அப்படித் தாளிக்கிற எண்ணெய்போல் வெடித்துக்கொண்டே இருக்க முடியாது. அவர்களுடைய பகை அடங்கிய குரலில், கேலியில், பேச மறுப்பதில் வெளிப்படும். அந்நியர் ஒருவர் வந்துவிட்டால் உள்ளே எவ்வளவு பிளவு இருந்தாலும் வெளியே ஒன்றாக நிற்பார்கள். சில்வா உடைக்க வேண்டியிருந்த சுவர் அதுதான். தொடரோ அதை எழுப்பவேயில்லை. சந்தேகத்துக்குரியவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியத்தையும் ஒரு கோபத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது.

ஏவுகணை நீர்மூழ்கி ரோந்தில் செய்தி பெற்றுக்கொள்ளலாம், அனுப்பக் கூடாது என்ற விதியை முதல் பகுதிகள் அருமையாகப் பயன்படுத்துகின்றன. கரையில் இருந்து விசாரிக்கும் சக காவல் அதிகாரி லாங்எக்கர் தன் கண்டுபிடிப்புகளைச் சில்வாவுக்கு மட்டும் புரியும் சங்கேதத்தில் அனுப்புவதும், அதற்குப் பதில் வராது என்று தெரிந்தே எழுதுவதும் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த காட்சிகள். (கடலுக்கடியில் ஓரளவு இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளால்தான் இப்படிச் செய்தி போகிறது, நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் பணியும் இதே வகையானதுதான்.) அந்த ஒருவழிப் பாதையின் கொடுமை மாலுமிகளின் குடும்பங்களையும் சேர்த்தது. வாரத்துக்கு ஒரு முறை 120 சொற்களுக்குள் வீட்டிலிருந்து செய்தி வரும், அதையும் யாரோ படித்துப் பார்த்த பிறகே கைக்குக் கிடைக்கும். தாயோ தந்தையோ இறந்தால்கூட ரோந்து முடியும்வரை சொல்லாமல் வைத்திருப்பது அங்கே வழக்கம். அண்மைக் காலத்தில் ரோந்துகள் ஐந்து மாதங்களையும் தாண்டுகின்றன. அப்படி ஒரு சாவுச் செய்தி தெரிந்த இருவரும், அது தெரியாத மகன் ஒருவரும் ஒரே மேசையில் சாப்பிடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரஷ்ய உளவாளி இல்லாமலே ஒரு முழுப் பகுதியை அதை வைத்து எழுதியிருக்கலாம்.

முடிவில் சில்வா டார்பிடோ குழாய்க்குள் அடைக்கப்படுகிறார். அதன் விட்டம் 53 சென்டிமீட்டர்தான், ஆள் எப்படிப் புகுந்தார் என்று மறுபடியும் அளவுகோலோடு வருகிறார்கள். எனக்கு அந்தக் குழாய் வேறொன்றை நினைவூட்டியது. 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் நீர்மூழ்கியின் டார்பிடோ குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் சிறு துவாரம் வண்ணப்பூச்சால் அடைபட்டிருந்தது. குழாய் காலியென நம்பி உட்கதவைத் திறந்தார்கள், வெளிக்கதவும் திறந்திருந்தது, 99 பேர் மாண்டார்கள். அதன்பிறகு அந்தக் கதவுகளில் பொருத்தப்பட்ட கொக்கிக்குத் தீட்டிஸின் பெயரையே வைத்தார்கள். பிரிட்டன் நீர்மூழ்கியாளர் எவருக்கும் அந்தக் கதவு சாதாரணக் கதவு அல்ல. தொடரோ அந்தக் காட்சியைச் சில்வாவின் கடந்த காலத்தோடு, நீரில் மூழ்கிய காரோடும் அதில் இழந்த துணைவரோடும் மட்டும் முடிச்சுப் போட்டுவிட்டது. கப்பலில் இருந்தவர்களின் அச்சத்துக்கு அதில் இடமில்லை.

2023இல் வந்த இரண்டாம் பருவம் கடலை விட்டுவிட்டு ஆளில்லா விமானங்களின் பக்கம் போய்விட்டது. அங்கே டேப் வைத்து அளக்க நடைபாதை இல்லை. இருந்தும் சீருடை அணிந்தவர்கள் அதே குரலில் கத்திக்கொண்டும், ஆளுக்கொரு ரகசியத்தை மறைத்துக்கொண்டும்தான் இருந்தார்கள்.