வெயிலால் வரும் மரபணு மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் வெயிலில் வெளிக்காட்டு வேலை செய்தவர்களின் தோலில் வெயிலால் ஏற்பட்ட மரபணு மாற்றம் பேரப்பிள்ளைகள் வரை தொடரும் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் அது சரியல்ல.

வெயிலின் புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைத் தாக்குவது உண்மைதான். டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்று தைமின்; அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அந்த இடம் புடைத்துவிடுகிறது. செல் அந்தப் புடைப்பைக் கண்டுபிடித்து, இருபுறமும் வெட்டி, ஏறக்குறைய 30 எழுத்து நீளத் துண்டை எடுத்துவிடும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் பழுதில்லாத எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பி, லைகேஸ் நொதியால் ஒட்டிவிடும். பழுது சரியாவதற்குள் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுத்தால், அந்த இடத்தில் தவறான எழுத்து விழலாம்; அதன் பிறகு எது தவறு என்று செல்லுக்கே தெரியாது. மாற்றம் நிரந்தரமாவது அப்போதுதான். அதுவும் அந்தத் தோல் செல்லிலும் அதிலிருந்து பிரியும் செல்களிலும் மட்டுமே. பிள்ளைக்குப் போவது விந்து அல்லது முட்டையில் இருக்கும் டிஎன்ஏ. புற ஊதாக் கதிர் தோலைத் தாண்டி அவ்வளவு ஆழம் இறங்காது. தோல் புற்றுநோய் அபாயம் வேலை செய்தவருக்கு உண்டு, தொப்பியும் நீளக்கைச் சட்டையும் அதற்குத்தான்.

சரிபார்க்க விரும்பினால், படிவம் 5 உயிரியல் பாடநூலில் மாறுபாடு பற்றிய பாடத்தைப் பாருங்கள்: உடற்செல் மாற்றம், இனச்செல் (விந்து, முட்டை) மாற்றம் இரண்டும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கும். வெட்டி ஒட்டும் முறையை விளக்கிய அசீஸ் சன்சாருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நோபல் இணையத்தளத்தில் படங்களோடு எளிய விளக்கம் இருக்கிறது.