வெளிநாட்டில் ஆப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்

வெளிநாடு கிளம்பும் நம் பையன்கள் இன்பாக்ஸில் முதலில் கேட்பது, "அண்ணா, அங்கே எந்த ஆப் ஓடும்?" ஆண்கள் ஆண்களைத் தேடிச் சந்திக்கும் கிரைண்டர் (Grindr) ஆப் பெரும்பாலான ஊர்களில் ஓடும், சரி. ஆனால் திறந்து பாருங்கள். பெரிய சுற்றுலா நகரமென்றால், பக்கத்தில் காட்டும் முகங்களில் பலர் உங்களைப் போலவே ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டு போனைத் தடவுகிறவர்கள். உள்ளூர்க்காரர்களில் சிலர் 'இந்தியர்கள் வேண்டாம்' என்று புரொஃபைலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஒரு ராத்திரிக்கு ஆள் தேட ஆப் போதும், அதில் நான் ஒழுக்கப் பாடம் எடுக்கப் போவதில்லை. அந்த ஊர்க்காரனோடு உட்கார்ந்து, வீட்டில் சொல்லிவிட்டானா, ஆபீஸில் தெரியுமா, வாடகைக்கு வீடு கொடுக்கிறார்களா என்றெல்லாம் பேச ஆசையிருந்தால், அவன் வாராவாரம் போகிற இடத்துக்கு நாமும் போக வேண்டும்.

தைபேயைப் பாருங்கள். 2019 மே மாதம் ஆசியாவிலேயே முதலாவதாகத் தன்பாலினத் திருமணம் சட்டமானது தைவானில்தான். தைபேயின் சீமென்டிங் பகுதியில், 1908இல் சந்தையாகக் கட்டிய ரெட் ஹவுஸ் என்ற செங்கல் கட்டடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் வரிசையாக கே பார்கள், மேசை நாற்காலியெல்லாம் திறந்தவெளியில். தனியாகப் போனாலும் கூச்சமில்லாமல் உட்காரலாம். ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவர் ஹாங்காங்கிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தவராக இருக்க நிறைய வாய்ப்புண்டு. ஊர்க்காரர்களைப் பார்க்க எனக்குப் பிடித்தது, பல்கலைக்கழகப் பக்கம் 1999இல் தன்பாலீர்ப்பாளர்களுக்காகத் தொடங்கிய ஜின் ஜின் புத்தகக் கடை. அக்டோபர் கடைசியில் போகிறவர்கள் பிரைடு என்ற நம் பெருமித ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். ஓரமாக நின்று போட்டோ எடுக்காமல் கூடவே நடங்கள். பேச்சு தானாக வரும்.

என் கணக்கில் இதையெல்லாம்விட மேல், தன்பாலீர்ப்பாளர்கள் சேர்ந்து ஓடும் ஓட்டக் குழுக்கள். ஃபிரன்ட் ரன்னர்ஸ் என்று 1974இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது. இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. புதியவர்களை வரவேற்பார்கள். லண்டனில் நானும் போனேன். ஓடினேன் என்று சொன்னால் பொய், பாதித் தூரம் நடைதான். அதனாலேயே ஒரு துணை கிடைத்தது. ஐம்பதை நெருங்கும் எலக்ட்ரீஷியன், முழங்கால் வலிக்காரர். பள்ளிகளில் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று 1988இல் பிரிட்டனில் செக்‌ஷன் 28 என்ற சட்டம் வந்தது. அப்போது அவர் பள்ளிக்கூடத்தில். சக பையன்கள் அடித்தபோது வாத்தியார்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்களாம். இங்கிலாந்தில் 2003இல்தான் அதை நீக்கினார்கள். இதையெல்லாம் அவர் காப்பிக் கடையில், டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். நம் நாட்டில் தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் சட்டப்பிரிவைப் பற்றிக் கேட்டார், 2018 தீர்ப்பு வந்த அன்றைய கதையைச் சொன்னேன். பாரின் இரைச்சலில் இந்தப் பேச்சுக்கு வழியே இல்லை. ஓட வராதவர்களுக்குப் பாட்டு இருக்கிறது: அதே லண்டனில் பிங்க் சிங்கர்ஸ் என்ற நம்மவர்களின் பாடகர் குழு 1983 முதல் பாடுகிறது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போய், இடைவேளையில் பேச்சுக் கொடுங்கள்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஏ சட்டப்பிரிவு நீங்கிவிட்டது, ஆனால் ஹாங் லிம் பூங்காவில் நம்மவர்களுக்கு ஆதரவாக நடக்கும் பிங்க் டாட் கூட்டத்துக்குள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே போகலாம். 2017இலிருந்து இப்படித்தான். வெளிநாட்டவர் வேடிக்கை பார்க்கக்கூட நுழைய முடியாது. அந்தத் தேதிக்கென்று டிக்கெட் போட்டுவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.

கோலாலம்பூர் பற்றிக் கேட்ட தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் தன்பாலுறவைத் தண்டிக்க வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் இன்னும் இருக்கிறது, அது அங்குள்ள தமிழருக்கும் சேர்த்துத்தான். முஸ்லிம்களுக்கு அதற்கு மேல் ஷரியா சட்டமும் உண்டு. 2018இல் திரங்கானு மாநிலத்தில் அந்த ஷரியா சட்டப்படி இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுத்தார்கள். சந்திக்கும் நண்பர் மலாய்க்காரர் என்றால், அதாவது முஸ்லிம் என்றால், மாட்டிக்கொள்ளும்போது அவருக்கு விழும் அடி உனக்கு விழுவதைவிடக் கனமானது. நீ விமானம் ஏறிவிடுவாய். அதனால் எங்கே சந்திப்பது, போட்டோ எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் 'இங்கே வேண்டாம்' என்றால் ஏன் என்று துருவாதே, சந்திப்பை விட்டுவிட்டு, பேசிய சாட் மெசேஜ்களையும் போனிலிருந்து அழித்துவிட்டு, ஊருக்கு வந்தபின் எனக்கு ஒரு போன் போடு.