கூண்டில் பதறும் நாயைக் 'கத்தித் தீர்க்க' விடலாமா?

"ஆறு வயது நாய் திடீரென்று கூண்டைக் கடித்து நொறுக்கினால் அது வெறும் பிடிவாதம், மூன்று நாள் கதவைத் திறக்காமல் விட்டால் தானாக அடங்கிவிடும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் செய்துவிடக் கூடாது. கூண்டுக்குப் புதிதாகப் பழகும் குட்டியின் சிணுங்கல் வேறு. ஆண்டுக்கணக்கில் அதற்குள் நிம்மதியாகத் தூங்கிய நாய், எச்சில் ஒழுக, கோரைப்பல் முறியக் கம்பியைக் கடிப்பதும், நகம் பெயரக் கூண்டின் அடித்தட்டைப் பிறாண்டுவதும் வேறு. பின்னது பீதி, அடைத்து வைக்க வைக்க அது முற்றவே செய்யும்.

இத்தகைய திடீர் மாற்றத்துக்கு மூட்டுவலி, காதுத் தொற்று, சிறுநீர்த் தொற்று, வயதான நாயின் மூளைத் தேய்வு ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடைபட்டிருந்த நேரத்தில் தீபாவளி வெடி கேட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள் (பலர் இதை மறந்துவிடுகிறார்கள்). நீங்கள் வெளியே போகும்போது கைப்பேசியில் காணொளி எடுத்துப் பாருங்கள்: வீட்டில் ஆள் இருந்தும் கூண்டுக்குள் மட்டும் பதறினால் அது அடைபடுவதன் அச்சம், கூண்டு இல்லாதபோதும் ஆள் போனவுடன் பதறினால் பெரும்பாலும் பிரிவுப் பதற்றம்.

காரணம் தெரியும்வரை கூண்டைப் பூட்டாமல், ஆபத்தான பொருள்களை அகற்றிய ஓர் அறையில் நாயை விடுங்கள். பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃப்ளூவாக்ஸெடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். படிப்படியான பயிற்சியும் உடன் வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகவே உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.