சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் கோப்புகள் அழியுமா?

கணினி துவங்காதபோது மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) உள்ள சிமாஸ் எனப்படும் வட்ட பேட்டரியைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சிலர் வழிமொழிந்தும் இருக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பதைப் பணிவுடன் சொல்லிவிடுகிறேன்.

மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. அதன் வேலை கடிகாரத்தை ஓட்டுவதும் பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளைக் காப்பதும்தான். உங்கள் படங்களும் கணக்குகளும் இருக்கும் டிஸ்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். பயாஸ் அமைப்புகளும் பழைய நிலையை இழப்பதால், டிஸ்கைக் கணினி அணுகும் முறையைச் சொல்லும் சாட்டா அமைப்பு ரெய்டு என்ற முறையிலிருந்து ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும்; பார்ப்பவருக்கு எல்லாம் போய்விட்டது போலத்தான் தோன்றும். பழைய அமைப்பையே பயாஸில் தேர்ந்தெடுத்தால் பழையபடி துவங்கும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்கக்கூடும்.

சந்தேகமிருந்தால், பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு அந்த டிஸ்கை யூஎஸ்பி அடாப்டர் வழியாக வேறொரு கணினியில் செருகுங்கள். கோப்புகள் வைத்த இடத்திலேயே இருக்கும்.